மெல்லக் கற்போருக்கு முழுக் கணக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்ததும் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு ஒரு பட்டியல் தயாராகும். ‘மெல்லக் கற்போர்’ பட்டியல். கணக்கில் 35 எடுக்காத பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். அன்றிலிருந்து அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு. அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்பது என்னைப் போல் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் சேர்ந்து 16. முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பாடத்தின் கடைசியில் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். முழுதும் வந்தால் 30. இன்னும் ஐந்து வேண்டும். முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. ஒரு சார்பை அம்புக்குறிப் படமாக, அட்டவணையாக, வரைபடமாகக் காட்டும் ஐந்து மதிப்பெண் கணக்கு அதில் இருக்கிறது. அதையும் மனப்பாடமாகப் போட வைத்துவிடலாம். 16, 14, 5. கூட்டிப் பாருங்கள், 35 வந்துவிட்டது.

இதைப் பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தை ஒரு பையன் அழகாகப் போடுவான். அட்டவணை சரியாக இருக்கும். புள்ளிகளை வளைவாக இணைத்திருப்பான், அளவுத்திட்டத்தை மூலையில் எழுதியிருப்பான். “இந்தக் கோடு ஏம்ப்பா இந்த ரெண்டு இடத்துல மட்டும் எக்ஸ் அச்சை வெட்டுது?” என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். அந்த இரண்டு இடங்கள்தான் சமன்பாட்டின் தீர்வு என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமலே எட்டுக்கு எட்டு வாங்கிவிடுவான்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். தோற்றுவிட்டால் அந்தப் பிள்ளை படிப்பையே விட்டுவிடும், பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். 35 எடுக்க வைப்பது ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் வேலை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். அந்த வேலையை நானும் செய்கிறேன், இந்த வருடமும் செய்வேன்.

ஆனால் அப்படித் தேறிய பிள்ளை ஜூன் மாதம் எங்கே நிற்கிறது? பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது அதன் முன்னால் மூன்று நான்கு குரூப்கள் இருக்கும். கணக்கு உள்ள ‘முதல் குரூப்’பை அது எடுக்காது. நாங்களும் எடுக்கச் சொல்ல மாட்டோம். “உனக்கு காமர்ஸ்தான் சரி” என்போம், அல்லது தொழிற்கல்விப் பிரிவைக் காட்டுவோம். பதினைந்து வயதில் பொறியியல் போயிற்று, பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் போயிற்று. பையன்கள் சிலர் பாலிடெக்னிக் போவார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அதற்குப் போதும். ஆனால் அங்கே முதல் செமஸ்டரிலேயே கணக்கு வருகிறது. எம்-1 அரியரைக் கடைசி வருடம் வரை சுமந்து திரிந்த பழைய மாணவர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் பார்க்கும்போது, “கணக்கு மட்டும் நிக்குது மிஸ்” என்பார்கள்.

2021ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. உண்மையிலேயே பெரிய விஷயம். கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் போய் இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது பூரிப்பாக இருக்கிறது. ஆனால் பொறியியல் வாசல் வரைக்கும் வருவதற்கே பதினொன்றில் கணக்கு எடுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் இருப்பது உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றுக்கு வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே முதல் குரூப்பில் இடம் கிடைக்க நல்ல மதிப்பெண் வேண்டும். 35 எடுத்த பிள்ளைக்கு அங்கே பேச்சே இல்லை.

இது பத்தாம் வகுப்பில் உடைகிற விஷயம் அல்ல. ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே உடைந்துவிடுகிறது. பின்னம் ஒரு இடம். ½ + ⅓ என்று எழுதிப் போட்டால் ⅖ என்று தயங்காமல் எழுதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்னொரு இடம் முழுக்கள், குறிப்பாக மைனஸ் எண்கள். என் அனுபவத்தில் பின்னத்தைவிட இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் இயற்கணிதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. 5 – 8 என்றால் 3 என்று எழுதும் பிள்ளைக்குச் சமன்பாடும் வராது, காரணிப்படுத்தலும் வராது, வரைபடமும் வராது.

கொரோனா இதை இன்னும் மோசமாக்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நான்காம் வகுப்பில் இருந்தவர்கள்தான் 2025-26ல் பத்தாம் வகுப்பு. பின்னம் படிக்க வேண்டிய ஐந்தாம் வகுப்பை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவே இல்லை. மைனஸ் எண்ணை முதன்முதலாகப் பார்க்க வேண்டிய ஆறாம் வகுப்புக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான், அதுவும் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தோடு. அவர்கள் ‘மெல்லக் கற்போர்’ இல்லை. அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பாப் மோசஸ் பற்றிப் படித்தேன். கணக்கு ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். நியூயார்க்கின் ஹார்லெமில் 1935ல் பிறந்த கறுப்பினத்தவர். ஹார்வர்டில் தத்துவம் படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1961ல் அதை விட்டுவிட்டு மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக.

அன்றைய மிசிசிப்பியில் அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சாசனத்திலிருந்து ஒரு பிரிவைப் படித்து அதற்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதியது சரியா தவறா என்று முடிவு செய்பவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. 1964 வாக்கில்கூட அங்கே வாக்குரிமை வயதுள்ள கறுப்பின மக்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பட்டியலில் இருந்தார்கள். மக்களைப் பதிவு செய்ய அழைத்துப் போன மோசஸைத் தெருவிலேயே தாக்கி மண்டையை உடைத்தார்கள். 1963ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி அவரிடம், படிப்பறிவு இல்லாதவர்களை ஏன் வாக்காளராகப் பதிய அழைத்து வருகிறீர்கள் என்று கேட்டார். மோசஸ் சொன்ன பதிலின் சாரம் இது: பல தலைமுறைகளாக இந்த மக்களுக்குப் படிப்பைக் கொடுக்காமல் வைத்தது இந்த நாடு. இப்போது படிக்கவில்லை என்பதையே காரணம் காட்டி வாக்கையும் மறுக்க முடியாது.

கணக்கு மீது எனக்கிருந்த கேள்விக்கு இந்த வழக்குமன்றப் பதிலில் ஒரு திறப்பு இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் “உனக்குக் கணக்கு வராது, அதனால் கணக்குக் குரூப் கிடையாது” என்கிறோம். வராமல் போனதில் பள்ளிக்கூடத்தின் பங்கு என்ன என்பதை அந்தப் பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ் சொல்லாது.

மோசஸ் பிறகு சில வருடங்கள் தான்சானியாவில் கணக்கு ஆசிரியராக இருந்தார். 1976ல் திரும்பி வந்து மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார். 1982ல் அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்பு. அங்கே எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கினால்தான் பள்ளி முடிவதற்குள் நுண்கணிதம் வரை போக முடியும், கல்லூரிக்குப் போகும் வழி திறக்கும். மகளின் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை. வகுப்பு ஆசிரியை அவரையே வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வந்தவர் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகளைத் திறமை வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கீழ்க் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பினப் பிள்ளைகள். நம் ஊரில் ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன் என்று பிரிக்கும் தனியார் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு கிடைத்த மெக்கார்தர் அறக்கட்டளை நல்கையின் பணத்தை வைத்துக்கொண்டு அவர் தொடங்கியதுதான் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’. அதன் கொள்கை ஒன்றுதான்: எல்லாப் பிள்ளைகளுக்கும் இயற்கணிதம். வாக்குரிமைக்காக மிசிசிப்பியில் எந்த உறுதியோடு வேலை செய்தாரோ அதே உறுதியோடு, இயற்கணிதம் ஒரு குடிமை உரிமை என்று 2021ல் இறக்கும் வரை சொல்லிவந்தார்.

இது வெறும் முழக்கமாக நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று ஒரு கணக்கு வாத்தியாராக அவர் உட்கார்ந்து பார்த்தார். அவர் கண்டுபிடித்த இடமும் மைனஸ்தான்! எண்ணைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: ‘எத்தனை?’ தொடக்கப் பள்ளி முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிப் பழகுகிறார்கள். இயற்கணிதத்துக்கு இரண்டாவதாக ஒரு கேள்வி வேண்டும்: ‘எந்தப் பக்கம்?’ அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் முளைக்காதவரை –3 என்பது அதற்கு ஒரு கோடு போட்ட 3 மட்டும்தான்.

அதற்கு அவர் பிள்ளைகளை ரயிலில் ஏற்றினார். கேம்பிரிட்ஜிலிருந்து பாஸ்டனுக்குள் போகும் ரெட் லைன் சுரங்க ரயில். பயணம் முடிந்து வந்ததும் பிள்ளைகள் அதைப் படமாக வரைவார்கள், தங்கள் பேச்சில் எழுதுவார்கள். ஒரு நிலையத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனை நிலையம், எந்தத் திசையில் என்று பேசுவார்கள். சென்ட்ரல் நிலையத்தைச் சுழியமாக வைத்தால் பாஸ்டன் பக்கம் போகும்போது கெண்டல், சார்லஸ், பார்க் ஸ்ட்ரீட். ஆகவே பார்க் ஸ்ட்ரீட் +3. எதிர்ப்பக்கம் ஹார்வர்டு –1. ஹார்வர்டிலிருந்து பார்க் ஸ்ட்ரீட் போனால் எவ்வளவு நகர்ந்தோம்? முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்தைக் கழிக்க வேண்டும்: 3 – (–1) = 4. நிலையங்களை விரல் விட்டு எண்ணினாலும் நாலுதான். ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்’ என்று யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

நிகழ்வு, படம், நம் சொந்தப் பேச்சு, கணக்குக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திய பேச்சு, கடைசியில் குறியீடு. இந்த ஐந்து படிகளில்தான் அவர் பாடம் நடக்கும். நம் வகுப்பறையில் நேராக ஐந்தாவது படியில் ஏறி நின்றுகொண்டு, கீழே நிற்கும் பிள்ளையை “ஏறு ஏறு” என்கிறோம்.

எங்கள் ஊரில் ரயில் இல்லை. ஆரணிப் பக்கம், பட்டுத்தறி ஓடும் ஊர். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் குழித்தறி இருக்கிறது. கூலிக்கு நெய்பவர்கள். பெரும்பாலான வீடுகளில் முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருக்கும். ஒவ்வொரு சேலைக்கும் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுபடி அட்வான்ஸ். இந்தக் கணக்கு ஒரு சின்ன நோட்டில் இருக்கும். வீட்டில் நோட்டைப் படித்துச் சொல்லும் வேலை பல நேரம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு. ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்கள்தான் அதை வகுப்புக்குள் விடவில்லை.

எட்டாம் வகுப்பில் இதை வைத்தே பாடத்தை நடத்தினேன். ஒரு எச்சரிக்கை: யார் வீட்டு நோட்டையும் கொண்டுவரச் சொல்லவில்லை. பிள்ளைகளின் வீட்டுக் கடனைக் கரும்பலகையில் எழுதுவது பாடம் ஆகாது, அவமானம். ஒரு குடும்பத்தை நாங்களே கற்பனையாக உருவாக்கிக்கொண்டோம். அட்வான்ஸ் 20,000. ஒரு சேலைக்கு 1,000 பிடித்தம். எட்டு சேலை நெய்தால் நோட்டில் என்ன நிற்கும்? பன்னிரண்டாயிரம் என்றார்கள். பன்னிரண்டாயிரம் இருக்கிறதா, இல்லையா? “இல்ல மிஸ், குடுக்கணும்.” அப்படியானால் அதை எப்படி எழுதுவது? இதிலேயே ஒரு பீரியடு போய்விட்டது. ஒருவன் சிவப்புப் பேனா என்றான். இன்னொருத்தி எண்ணுக்குப் பக்கத்தில் ‘கொ’ என்று போடலாம் என்றாள், கொடுக்க வேண்டியது என்பதற்கு. கடைசியாகத்தான் மைனஸ் குறி வந்தது, தேவைப்பட்டு வந்தது.

பிறகு வரைபடத்தாள். கிடைமட்டத்தில் சேலைகளின் எண்ணிக்கை, செங்குத்தில் நோட்டில் நிற்கும் தொகை. –20,000ல் தொடங்கி ஒவ்வொரு சேலைக்கும் ஆயிரம் மேலே ஏறும் ஒரு நேர்கோடு. அது எக்ஸ் அச்சை வெட்டும் இடம் 20. அந்த இடத்தைக் காட்டி, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். “கடன் அடஞ்சுடுச்சு” என்று வகுப்பே சொன்னது. y = –20000 + 1000x என்று எழுதியபோது யாரும் மிரளவில்லை. தீபாவளி அட்வான்ஸ் 5,000 வாங்கினால் கோடு என்ன ஆகும் என்று அவர்களே கேட்டு, கோட்டை அந்த இடத்தில் கீழே இறக்கி, அங்கிருந்து அதே சாய்வில் மறுபடி ஏற்றினார்கள். சாய்வு ஏன் மாறவில்லை? பிடித்தம் மாறவில்லையே! பத்தாம் வகுப்பில் சாய்வுக்குச் சூத்திரம் வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு அது புதிய சங்கதியாக இருக்காது.

தறிக்கணக்கு தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு தானாக வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வராது. பிரேசிலின் ரெசிஃபி நகரச் சந்தையில் வேலை செய்த ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1985ல் வெளிவந்தது. சந்தையில் வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் பெருக்கல், கழித்தல் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். பன்னிரண்டு வயதுத் தேங்காய்க்காரப் பையன் ஒருவன், ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்) என்றால் பத்து எவ்வளவு என்பதற்கு, மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, அப்புறம் 315 என்று மூன்று மூன்றாக ஏறி 350க்கு வந்தான். பத்தால் பெருக்கினால் ஒரு சுழியம் சேர் என்று பள்ளியில் சொன்னதை அவன் தொடவே இல்லை.

நாற்பது வருடம் கழித்து, 2025ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அதே முடிவு. சில்லறைக் கணக்கை நொடியில் மனதில் போடும் பிள்ளைகள் பாடப்புத்தக வகுத்தலில் திணறினார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது மறுபக்கம்: சந்தை வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கொடுத்தபோது அவர்களும் தடுமாறினார்கள். ஆக, ஒரு பக்கம் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு, இன்னொரு பக்கம் புத்தகக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் வழி போட வேண்டியது ஆசிரியர். அதற்கு நாள் பிடிக்கும். ‘கொ’ என்று எழுதலாமா, சிவப்புப் பேனாவா என்று பேசிக்கொண்டிருந்த அந்தப் பீரியடை வீண் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சிகாகோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 1997ல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இயற்கணிதத்தைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாடத்தின் பெயர் பலகையை மாற்றியதோடு சரி. தோல்வி கூடியது, கற்றது கூடவில்லை. பிறகு 2003ல், பின்தங்கிய பிள்ளைகளுக்கு இயற்கணித வகுப்பை இரட்டிப்பாக்கினார்கள், தினமும் ஒரு பீரியடுக்குப் பதில் இரண்டு. அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் கல்லூரிக்குப் போனவர்களும் கூடியிருந்தார்கள். மோசஸும் பிற்காலத்தில் இதையேதான் செய்தார். வகுப்பின் கடைசிக் கால் பங்கில் இருக்கும் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக எடுத்து, நான்கு வருடமும் தினம் 90 நிமிடம் கணக்கு.

நாமும் நேரம் கொடுக்கத்தான் செய்கிறோம், பத்தாம் வகுப்பில், ஜனவரிக்குப் பிறகு, 35க்காக. அந்த நேரத்தை ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதுவும், எளிமையாக்கிய பாதிக் கணக்குக்காக அல்ல. பின்தங்கிய பிள்ளைக்கு முழுக் கணக்கும், அதைப் புரிந்துகொள்ளும் வரை நேரமும் வேண்டும்.

இதைச் சொல்லும்போது ‘எல்லாருக்கும் கணக்கு வருமா மிஸ்?’ என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம் அதன் தலைவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பல வருடம் உழைத்தவர் என்பதால் நம் பள்ளிகளை அவருக்கு நேரில் தெரியும். கணக்கைப் பற்றிய பயமும் தோல்வி உணர்வும், திறமையான சிலரையும் ஒதுங்கி நிற்கும் பலரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றும் பாடத்திட்டம், இயந்திரத்தனமான தேர்வு, ஆசிரியருக்குப் போதாத தயாரிப்பு – இவைதான் கணிதக் கல்வியின் முக்கியச் சிக்கல்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. பிள்ளையின் மூளையை அது குறை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளாலும் கணிதம் கற்க முடியும், கற்க வேண்டும் என்பதில் தொடங்கித்தான் அது பேசுகிறது. இருபது வருடம் ஆகிவிட்டது. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்த அறிக்கையைத் தமிழில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லாத இடமில்லை.

தொடக்கப் பள்ளியில் நல்ல காரியங்கள் நடக்கின்றன. 2022ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலையிலிருந்து கற்பிக்கிறார்கள். அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2025-26ல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். கூட்டல் கழித்தலில் முன்பிருந்த பிள்ளைகளைவிடத் தைரியமாக இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. சரி, ஆறாம் வகுப்பில் மைனஸ் எண் வரும்போது அவர்களை யார் பிடித்துக்கொள்வது? சிறிய பள்ளிகளில் ஆறிலிருந்து பத்து வரை ஒரே கணக்கு டீச்சர். அவருடைய மூளையும் நேரமும் பத்தாம் வகுப்பில்தான் இருக்கும், அங்கேதான் கேள்வி கேட்பார்கள். ஆறாம் வகுப்பு நோட்டுத் திருத்தக்கூட நேரம் இருக்காது.

மோசஸின் பழைய மாணவர்கள் 1996ல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெரிய வகுப்பு மாணவர்கள் சின்ன வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. இது நமக்குப் புதிதல்ல. 2021ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையோடு எத்தனை இளம் பெண்கள் தெருத் திண்ணையில் பாடம் எடுத்தார்கள்! அவர்களில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் உண்டு. நடுநிலை வகுப்புக் கணக்குக்கு மட்டும் அவர்களை மறுபடி அழைத்து, நல்ல பயிற்சியும் கௌரவமான தொகையும் கொடுத்தால் என்ன? ஊருக்கு ஒருவர் போதும்.

மைனஸைப் பெருக்கும் இடத்துக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் வகுப்பு இப்போது அங்கேதான் இருக்கிறது. (–3) × (–500). புத்தகத்தில் இதற்குக் குறி விதி அட்டவணை இருக்கிறது. அட்டவணையை மூடி வைத்துவிட்டு நோட்டுக் குடும்பத்துக்குப் போனோம். 500 ரூபாய்க் கடன் மூன்று தடவை வாங்கினால் 3 × (–500), நோட்டில் –1,500. சரி, முதலாளி மனசு இரங்கி மூன்று 500 ரூபாய்க் கடனை நோட்டிலிருந்து அடித்துவிட்டால்? சேர்ப்பது பிளஸ் என்றால் அடித்துவிடுவது மைனஸ். ஆக மைனஸ் மூன்று தடவை, மைனஸ் ஐந்நூறு. “ஆயிரத்தைந்நூறு கூடின மாதிரிதான் மிஸ்” என்றாள் முன்வரிசைப் பெண். பின்வரிசையில் இருந்து ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் காசு வரலையே, அப்புறம் எப்படிக் கூடும் என்றான். நல்ல கேள்வி. நோட்டில் இருப்பது கையிலிருக்கும் காசா, கணக்கில் நிற்கும் நிலுவையா என்று பெரிய விவாதம் நடந்தது. அவன் தன் கோட்டு வரைபடத்தையே எடுத்து, கடன் அடித்தால் புள்ளி மேலே போகிறதா கீழே போகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான்.

அப்புறம் அந்தப் பெண் கேட்டாள், “அப்போ மூணு மைனஸைப் பெருக்கினா என்ன ஆகும் மிஸ்?” நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து எழுதிக்கொண்டு வந்தாள். எத்தனை மைனஸ் இருந்தாலும் குறியைச் சொல்லிவிடலாம் என்று நோட்டைக் காட்டினாள். பத்துப் பதினொரு மைனஸ் வரை போட்டுச் சரிபார்த்திருந்தாள். இருபது மைனஸுக்கும் இது சரியாக இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருடம் இவர்கள் ஒன்பதாம் வகுப்பு. ஆயத்தொலை வடிவியல் வருகிறது, நேரியல் சமன்பாடுகள் வருகின்றன. இந்த வகுப்பை என்னிடமே தொடர்ந்து கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். கணக்குக்கு தினமும் இரட்டைப் பீரியடு வேண்டும் என்றும் கேட்டேன். கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் தருகிறேன் என்றார். மற்ற மூன்று நாளுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.